வழிகேட்பானும் தாம்பூலத் தட்டும்

எழும்பூரிலிருந்து மதுரைக்குக் காலையில் புறப்படும் அந்த வண்டி எந்த வழியாகப் போகப்போகிறது என்பது, அது புறப்படும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. விழுப்புரம் வரைக்கும் ஒரே வழி. அதற்கப்பால் இரண்டு. விருத்தாசலம், அரியலூர் என்று குறுக்கே பாய்ந்து போவது கார்டு லைன். சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு போவது மெயின் லைன். பெயர்தான் மெயின், சுற்று வழி அதுதான். இரண்டும் திருச்சியில் வந்து ஒன்று சேர்ந்துவிடும்.

எந்த வழி என்பதை அதிகாரிகள் முடிவு செய்யும் வழக்கம் போய், அன்றைக்குப் பயணம் செய்பவர்களையே கேட்டு முடிவு செய்யும் ஏற்பாடு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்கும் பொறுப்பு ஓர் இயந்திரத்தினுடையது. வழிகேட்பான் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மக்கள் அதைச் சுருக்கிக் கேட்பான் ஆக்கிவிட்டார்கள். அது தலைகளை எண்ணி வாக்கெடுப்பு நடத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் எந்த வழி, ஏன் வேண்டும், அது கிடைக்காவிட்டால் வேறு விதமாக ஈடு செய்ய முடியுமா என்று கேட்டு, யாருடைய தேவை ஈடு செய்ய முடியாததோ அவருடைய பக்கம் சாயும்.

இரண்டாம் பெட்டியில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த சுகந்திக்கு மெயின் லைன் வேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் அமர்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்த கணவர் தயாளனிடமும் சொல்லவில்லை. நேரே போகும் விரைவு வண்டிகளில் இடமில்லை என்று ஒரு சிறு பொய்யைச் சொல்லித்தான் இந்த வண்டிக்கே முன்பதிவு செய்திருந்தாள். அவள் காலடியில் இருந்த பையில் ஒரு வெள்ளித் தட்டும், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையும், பாக்கும், பழமும், குங்குமச் சிமிழும், ஓர் அழைப்பிதழும் இருந்தன.

மறுநாள் மதுரையில் அவர்களுடைய மகள் நறுமுகைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தட்டை நீட்டும்போது பெண்ணின் தாய்மாமன் எழுந்து நின்று வாங்க வேண்டும். தாய்மாமன் என்றால் சுகந்தியின் ஒரே தம்பி சாரங்கன். கும்பகோணத்தில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், மின்வண்டிகளுக்கு பேட்டரி விற்கும் கடை வைத்திருப்பவன். அவன் அத்தானோடு பேசிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்னையில் இவர்கள் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, விடுப்புக் கிடைக்காத காரணத்தால் தயாளன் மைத்துனனுக்கான அழைப்பிதழைக் கூரியரில் அனுப்பிவிட்டார். அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கூரியர்காரன் வந்து கூப்பிட்டால் போவதா என்று சாரங்கன் கேட்டான். கூரியரில் வந்தாலும் அதே எழுத்துதானே என்று தயாளன் கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் இன்றுவரை பதில் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

இப்போது தொலைபேசியில் அழைத்தால் அது கூரியரைவிடக் கேவலம். நேரில் போகலாம் என்றால், நான் போய் நின்றால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும் என்கிறார் தயாளன். ஆனால் வண்டி தானாகக் கும்பகோணத்தில் போய் நின்றால்? அப்போது யாரும் யாரையும் தேடிப் போனதாக ஆகாது. வண்டி அந்தப் பக்கமாக வந்துவிட்டது, எதிரே கடை இருந்தது, எட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான். இருவருடைய கௌரவத்துக்கும் ஒரு கீறல் விழாது. இந்த யோசனை தோன்றிய நாளிலிருந்து சுகந்தி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வேலை செய்தாள்.

அவளுடைய யோசனையில் இல்லாத ஒன்று எதிர் இருக்கைகளில் வந்து அமர்ந்தது. ராயபுரத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டு ஆசிரியை பெர்னதெத்தும், இறகுப்பந்து ஆடும் அவருடைய மாணவியர் நால்வரும். மிச்சமிருந்த ஒரே காலி இருக்கையில் மட்டைகளைக் குவித்துவிட்டு, அந்தப் பெண்கள் தாம்பரம் வருவதற்குள் இரண்டு தடவை சாப்பிட்டார்கள். மதுரையில் மாநிலப் போட்டியாம். மாலைக்குள் போய்ப் பெயர் பதிய வேண்டுமாம். அவர்களுக்குக் கார்டு லைன் வேண்டும்.

"சார் கார்டு லைன்தானே சொல்லுவீங்க?" என்று பெர்னதெத் தயாளனிடம் ஆதரவு திரட்டினார்.

"பின்னே? நான் மதுரைக்குப் போனாலே கார்டு லைன்தான் டீச்சர். மெயின் லைன்ல போனா, இந்தப் பசங்க ஆடப் போற வயசு தாண்டி, கோச்சாத்தான் போய் எறங்குவாங்க."

பெண்கள் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள், ஆனால் காலடியில் இருந்த பையைக் கால்களால் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மதுராந்தகம் தாண்டியதும் கேட்பான் பேசத் தொடங்கியது. ஒவ்வோர் இருக்கையின் தலைப்பக்கமும் இரு புறமும் மடங்கி வந்து காதுகளை அணைத்துக்கொள்ளும். உள்ளே பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. தொடக்க காலத்தில் கேட்பான், சொற்களோடு குரலின் நடுக்கத்தையும் படித்து, மனத்தில் உள்ளதைத் தானே ஊகித்துக்கொண்டிருந்தது. விளைவு, செங்கல்பட்டு வருவதற்குள் பலர் குரல் தழுதழுக்கப் பேசிப் பழகிக்கொண்டார்கள். உண்மையிலேயே மனம் கனத்தவர்களோ, எங்கள் நெஞ்சைத் துழாவ இது யார் என்று வழக்குப் போட்டார்கள். அதன்பின் இரண்டு விதிகள் வந்தன. வாயால் சொன்னதை மட்டுமே கேட்பான் கணக்கில் கொள்ள வேண்டும். ஒருவர் சொன்ன காரணத்தை இன்னொருவரிடம் எந்த நிலையிலும் சொல்லக் கூடாது.

"வணக்கம் அம்மா. தங்களுக்கு எந்த வழி வேண்டும்?" என்றது கேட்பான், நன்கு வளர்க்கப்பட்ட பிள்ளையின் குரலில்.

சுகந்தி பல நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. கண் எதிரே, நான்கு பெண்களில் மிகச் சிறியவள் மட்டையின் நரம்பை ஒவ்வொன்றாக நிமிண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வழின்னாலும் பரவாயில்லைங்க" என்றாள்.

"தங்களுக்கென்று ஏதும் தேவை இல்லையா?"

"எனக்கென்னங்க. மத்தவங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே பண்ணுங்க."

கேட்பான், "நான் கேட்ட கேள்விக்குத் தாங்கள் சொன்ன பதில் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்றது. அதற்குமேல் கேட்க விதியில் இடமில்லை. ஆமாம் என்றாள் சுகந்தி. இருக்கையின் மடிப்புகள் விலகிக்கொண்டன. பக்கத்தில் தயாளனின் இருக்கை இன்னும் மூடியபடியே இருந்தது. அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கார்டு லைனுக்கு இவ்வளவு வக்காலத்தா என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

திண்டிவனத்தில் அறிவிப்பு வந்தது. "அனைவருக்கும் நன்றி. இன்று நாம் மெயின் லைன் வழியாகச் செல்கிறோம்."

பெண்கள் நால்வரும் ஒரே குரலில் முனகினார்கள். பெர்னதெத் கேட்பானோடு சண்டைக்குப் போனார். அது மிகுந்த பணிவோடு, போட்டி அமைப்பாளர்களிடம் பேசிவிட்டதாகவும், பெயர்களை வண்டியிலிருந்தபடியே பதிந்துகொள்ள அவர்கள் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னது. அவர் சற்றுத் தணிந்தார். ஆனாலும் சாயங்காலம் அந்தத் தரையில் ஒருமுறை ஆடிப் பார்த்திருந்தால் காலுக்குப் பழகியிருக்கும், அதை எந்தக் கேட்பான் திருப்பித் தரும் என்று சுகந்தியிடம் சொல்லி வருந்தினார். அது நியாயமான வருத்தம். யாரோ ஒருவருடைய தேவைக்காக இந்தப் பிள்ளைகளின் மாலைப்பொழுது போயிற்று. அந்த யாரோ தான் அல்ல என்பதில் சுகந்திக்குப் பெரும் நிம்மதியும், அந்த யாரோவுக்குக் கோயில் கட்டலாம் என்ற நன்றியும் ஒருங்கே ஏற்பட்டன. மதுரைக்கென்று செய்து எடுத்துவந்த முறுக்கு டப்பாவை அப்படியே பெண்களிடம் கொடுத்துவிட்டாள்.

தயாளன் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குக் கோபப்படவில்லை. "என்ன பண்றது, வண்டி போற வழியில நாம போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் வரைக்கும் தூங்கினார். மயிலாடுதுறையில் எழுந்து முகம் கழுவித் தலை சீவிக்கொண்டார். கும்பகோணத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்து, சுகந்தியின் காலடியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"என்னங்க, அது வெத்தலைப் பை."

"தெரியும். வா."

அந்த வண்டி பெரிய நிலையங்களில் சற்று நேரம் நிற்கும். இருவரும் மேம்பாலம் ஏறி இறங்கி, நிலைய வாசலைத் தாண்டி, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து எதிர்ச்சாரிக்குப் போனார்கள். போகிற போக்கிலேயே தயாளன் தட்டை வெளியே எடுத்துப் பழத்தை நேராக வைத்தார். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், அண்ணன் காலையிலேயே பெட்டியோடு வெளியூர் போய்விட்டார், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றார். தயாளன் பூட்டிய ஷட்டரையே பார்த்தபடி நின்றார். நிலையத்திலிருந்து வண்டியின் ஊதல் கேட்டது. திரும்பி ஓடும்போது பாக்கு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. சுகந்தி பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு ஓடினாள். அவர்கள் ஏறும்வரை வண்டி பொறுத்துக்கொண்டது.

தஞ்சாவூர் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் உறங்கிப்போயிருந்தார்கள்.

"மெயின் லைன் கேட்ட அந்த யாரோ நீங்கதானா?" என்று சுகந்தி கேட்டாள்.

தயாளன் வயல்களைப் பார்த்துக்கொண்டு தலையை அசைத்தார். "உன் தம்பியைக் கூப்பிடணும்னு சொன்னேன். போன் பண்ணலாமேன்னு கேட்டுச்சு. அழைப்புன்னா என்னன்னே அதுக்குத் தெரியலை. போன்ல சொன்னா அது தகவல். அவங்க இருக்கிற எடத்துக்கு நடந்து போய்ச் சொன்னாத்தான் அழைப்புன்னு பாடம் எடுத்தேன்."

"இதைத்தானே அவன் அன்னிக்குச் சொன்னான்?"

"அதனாலதான் எனக்கு அவ்வளவு கோர்வையா வந்துச்சு." அவர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீ என்ன சொன்னே?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

"என்கிட்டயும் எப்பவும் அதைத்தான் சொல்றே. நானும் நம்பிட்டேன், அதுவும் நம்பிடுச்சு."

சுகந்தி சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாளைக்குத் தட்டை நீட்டும்போது எழுந்து நிற்க ஆளில்லாத அந்த இடம் இப்போதே அவளுக்குத் தெரிந்தது. தயாளன் தன் துண்டை எடுத்து நீட்டினார். மதுரையில் இறங்கியதும் தாமே ஒரு காரை எடுத்துக்கொண்டு கும்பகோணம் திரும்புவதாகவும், அவன் எந்த ஊரில் இருந்தாலும் விடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவதாகவும் சொன்னார். தப்பு யாருடையது என்பதை அப்புறம் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

திருச்சியில் நின்று வண்டி மறுபடி நகர்ந்தபோது, கேட்பான் அவர்களுடைய இருக்கைகளில் மட்டும் மெல்லப் பேசியது.

"மன்னிக்கவும். பதினோராம் பெட்டியில் ஒரு பயணி இப்போது ஏறியிருக்கிறார். தாம் இந்த வண்டியில் இருக்கும் செய்தியை மட்டும் தங்களிடம் தெரிவிக்க அனுமதி தந்திருக்கிறார். பெயர் சாரங்கன்."

தயாளனும் சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்கே வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்" என்று கேட்பான் தொடர்ந்தது. "அதற்கு அவர், தாம் தம் இடத்திலேயே இருப்பதாகச் சொல்லச் சொன்னார்."

தயாளன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சுகந்தி வெற்றிலையில் தண்ணீர் தெளித்து, எஞ்சிய பாக்கைத் திரட்டி, தட்டை மறுபடி அடுக்கினாள். விழித்துக்கொண்ட சிறிய பெண் விஷயம் என்ன என்று கேட்டு, தன் ஆசிரியைக்கு வாங்கிய ரோஜாவில் ஒன்றைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

ஓடும் வண்டியில் தாம்பூலத் தட்டோடு நடப்பது எளிய காரியம் அன்று. மூன்றாம் பெட்டியில் ஒருவர் வெற்றிலை எவ்வளவு என்று விலை கேட்டார். ஐந்தாம் பெட்டியில் ஒரு குடும்பம் பிரசாதம் என்று எண்ணிக் குங்குமம் எடுத்துக்கொண்டது. ஆறாம் பெட்டியில், மைத்துனரை அழைக்கப் போகிறோம் என்று தயாளன் விளக்கம் சொன்னார். அவர் சொன்ன செய்தி அவருக்கு முன்னே ஓடிவிட்டது போலும். எட்டாம் பெட்டியில் இருந்தவர்கள் கால்களை மடக்கி, பெட்டிகளை ஒதுக்கி, ஊர்வலத்துக்கு வழி விடுவதுபோல நடைபாதையைக் காலியாக வைத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் தட்டை ஏந்திக்கொண்டு, தயாளன் ஓர் இடத்திலும் தலையைக் குனியாமல் நடந்தார்.

பதினோராம் பெட்டியில் சாரங்கன் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. அவர்களைப் பார்த்ததும், தன் வீட்டு வாசலில் நிற்பவனைப் போல இரண்டு அடி எதிரே வந்தான்.

"வாங்கத்தான். வாக்கா."

பக்கத்தில் இருந்தவரை வேண்டி நகரச் செய்து இருவரையும் உட்கார வைத்தான். பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தான். அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் தானும் உட்கார்ந்தான்.

தயாளன் எழுந்தார். வண்டி ஒரு வளைவில் ஆடியது. சுகந்தி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ளே, நாளைக்கு நறுமுகைக்கு நிச்சயம். நீங்க குடும்பத்தோட வந்து, முன்னாடி நின்னு நடத்திக் கொடுக்கணும்."

சாரங்கன் இரண்டு கைகளாலும் தட்டை வாங்கினான். "வந்துடறேன் அத்தான்" என்றான். அந்தப் பெட்டியில் யாரோ கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அக்காவும் அத்தானும் இந்த வண்டியில் போவதை நறுமுகையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். எதேச்சையாகச் சந்தித்ததுபோலச் சந்தித்துவிடலாம் என்று, தானும் இதே வண்டியில் மதுரைக்கு முன்பதிவு செய்திருக்கிறான். மனைவியும் பிள்ளைகளும் விடியற்காலையில் காரில் வந்துவிடுவார்களாம். அவன் கொண்டுவந்த பெட்டியில், நறுமுகைக்கென்று எடுத்த பட்டுப்புடவை அட்டைப்பெட்டிக்குள் கசங்காமல் இருந்தது.

"கூப்பிடாமலே வர்றதுக்குத்தான் கெளம்பியிருக்கே" என்றாள் சுகந்தி.

"மதுரையில ஒரு பேட்டரி ஏஜென்சி விஷயமா வேலை இருக்குக்கா" என்றான் சாரங்கன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"சரி, கும்பகோணத்துல ஏறியிருக்கலாமே. உன் கடை வாசலுக்கு நாங்க நாய் மாதிரி ஓடி வந்தோம்."

"அத்தான் எப்பவும் கார்டு லைன்தானேன்னு அரியலூர்லேருந்து டிக்கெட் போட்டேன். காலையிலேயே அங்க போய் நின்னுட்டேன். கேட்பான் போன்ல வழி கேட்டப்பவும் காரணத்தைச் சொல்லி அரியலூர்தான்னேன். அப்புறம் அதுவே மறுபடி கூப்பிட்டு, மெயின் லைன்ல போறோம், கும்பகோணத்துல ஏறிக்கிறீங்களா, திருச்சியில ஏறிக்கிறீங்களான்னு கேட்டுச்சு. கும்பகோணத்துல அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். அத்தான் வர்ற வண்டிக்காக பிளாட்பாரத்துல தவம் கெடந்தான்னு பேசுவானுங்க. அதான் திருச்சின்னேன். சீட்டை அதுவே இங்க மாத்திப் போட்டுக் கொடுத்துச்சு."

தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ஒருவர் கும்பகோணம் வேண்டும் என்று கேட்பானிடம் மன்றாடியிருக்கிறார். மற்றவன் அரியலூர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேருடைய காரணமும் ஒன்றே என்பதை இந்த உலகத்தில் அறிந்திருந்தது அந்த இயந்திரம் ஒன்றுதான். அதற்கோ வாயைத் திறக்க அனுமதியில்லை. பரிதாபத்துக்குரிய ஜீவன் என்று சுகந்திக்குத் தோன்றியது. அவள் சாரங்கனுடைய இருக்கையின் தலைப்பக்கமாகச் சாய்ந்து பேசினாள்.

"ஏங்க, எங்க எதிர்லயே ஒரு சீட்டு காலியாத்தானே இருந்துச்சு? மட்டையை எடுத்துக் கீழே வச்சிருப்பாங்களே. இவனை அங்க போடாம எதுக்கு இவ்வளவு தூரம் தள்ளிப் போட்டீங்க?"

"ஒருவர் கூறிய காரணத்தை மற்றவரிடம் சொல்ல இயலாது அம்மா" என்றது கேட்பான். "ஆனால் தங்கள் கணவர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லித் தந்தார். பொருள் ரகசியத்தில் சேராது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ச் சொன்னால்தான் அழைப்பு என்றார். எதிர் இருக்கையில் அமர்த்தியிருந்தால் தங்களுக்கு நடக்க இடம் இருந்திருக்காது. ஆகவே, இந்த வண்டியில் எவ்வளவு தொலைவு தர முடியுமோ அவ்வளவும் தந்தேன்."

தயாளன் இரண்டு முழங்கால்களையும் நீவிவிட்டுக்கொண்டார்.

"நல்லா இருப்பே" என்றார். "ஆனா அதுக்கு ரெண்டு பெட்டி போதாதா?"